இரண்டு வருஷத்து ஈஸ்ட்

உன் கல்யாணத்துக்கு நான்தான் பீர் காய்ச்சிப் போடுவேன் என்று வெண்டல் மகள் கிரெட்செனுக்குப் போன் பண்ணிச் சொன்னான். "சரிப்பா, போடுங்க" என்றாள். அது போதும் அவனுக்கு.

பேஸ்மெண்ட் ஃப்ரிட்ஜின் பின்தட்டில் அந்தக் கண்ணாடி ஜாடி இருந்தது. அடியில், பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் பழுப்புக் கஞ்சியாகப் படிந்து கிடந்தது. மூடியில் மனைவி மார்வாவின் கையெழுத்தில் தேதி. அதை எழுதிய ஆறாவது வாரம்தான் அவள் அவனை விட்டு டெரிலோடு போனாள். இரண்டு வருஷமாகிறது. கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ ஃப்ரீசரில் வாய் திறந்த பையில் கிடந்தது. மூலையில் அரை மூட்டை மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஈரம் ஏறி நமுத்துப்போய்.

ஷெபாய்கன் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் கிளப்பில் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே நண்பன் ஆர்லன் ஜாடியைத் தூக்கிப் பார்த்தான்.

"யோவ், இது எப்பவோ செத்துருச்சுய்யா. கடையில இதே ஈஸ்ட் புதுசா இருக்கு, வாங்கிட்டு வா."

"இதேன்னு சொல்லாத. பதினோரு வருஷம் ஒவ்வொரு தடவையும் அடி வண்டல எடுத்து அடுத்த பீருக்கு ஊத்துனது இது."

"சரி, ஒரு டம்ளர் மால்ட் தண்ணியில கொஞ்சம் போட்டாவது பாரு. நுரைக்குதான்னு தெரிஞ்சுரும்."

வெண்டல் போட்டுப் பார்க்கவில்லை. நுரைக்காவிட்டால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பழைய ஹாப்ஸில் பாதிக் கசப்பு போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு மடங்கு அள்ளிப் போட்டான். ஜாடி ஈஸ்ட்டை அப்படியே வாளியில் ஊற்றினான்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் வாளியில் நுரை ஏறியது. போட்டோ எடுத்து ஆர்லனுக்கு அனுப்பினான். "செத்தது எழுந்திருச்சு பாரு."

பதில் வந்தது: "எது எழுந்திருச்சு, ஈஸ்ட்டா கிருமியான்னு குடிச்சாத்தான் தெரியும்."

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிரெட்சென் ருசி பார்க்க வந்தாள். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதே அவள் மூக்கு சுருங்கியது. ஒரு வாய் குடித்தாள். விழுங்கச் சிரமப்பட்டாள்.

"நல்லாத்தான் இருக்குப்பா."

"பொய் சொல்லாத."

"பிளாஸ்திரியக் கடிச்ச மாதிரி இருக்கு. ஈர சாக்ஸ் வாடை வேற."

வெண்டலும் குடித்துப் பார்த்தான். அவள் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

"இன்னும் நாள் இருக்கும்மா. புது ஈஸ்ட், புது ஹாப்ஸ், எல்லாம் வாங்கி நாளைக்கே போட்டுர்றேன்."

"வேண்டாம்ப்பா. டெரில் கடையில ஆறு பீப்பா பீர் சொல்லிட்டாரு."

"எப்போ?"

அவள் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க போன் பண்ணுன மறுநாள்."

"அப்புறம் எதுக்கு என்னைப் போடச் சொன்ன?"

"நானாப்பா சொன்னேன்? நீங்கதான் போடுறேன்னீங்க. போடட்டும் விடு, உங்கப்பனுக்கு பேஸ்மெண்ட்ல ஒரு வேலை இருக்கட்டும்னு அம்மாதான் சொன்னாங்க."

சொல்லியிருக்க வேண்டாம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.  வெண்டல் வாசல் வரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தான்.

வாளியைச் சாய்த்து இருபது லிட்டரையும் சாக்கடையில் விட்டான். அடியில் வண்டல் தங்கியது. நாறியது. ஜாடியைக் கழுவி அந்த வண்டலை உள்ளே வழித்துப் போட்டான். மூடியில் மார்வா எழுதிய தேதியைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தான். இன்றைய தேதியை எழுதி, பின்தட்டில் வைத்து ஃப்ரிட்ஜை மூடினான்.