எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக்

மறுபடியும் அதே காதுதான் வந்து நின்றது. திரையின் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காது. அதன் மடலுக்குப் பின்னால் பயறு மாதிரி ஒரு கருவி. 'பேசுவது புரியவில்லையா? இன்றே அழையுங்கள்.'

"போய்த் தொலையேன்," என்று சின்னவள் அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். காது போனது. அடுத்த மருந்தின் பெயரைத் தேடியதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தடவைதான் தேடினாள். 'இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது, பேச்சு சரியாகக் கேட்கவில்லை.' ஒரு கட்டுரையைப் படித்தாள், பயந்தாள், மூடிவிட்டாள். மூன்று நாளாக அந்தக் காது அவளை விடவில்லை.

கணினி அவளுடையது மட்டுமாக இருந்தால் கவலையில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடையில், ஒரு குட்டி மேசைமேல் அது இருந்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் பெரியவளும் சின்னவளும். மாடியில் பெரியவள், கீழே சின்னவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. காலை எட்டு முதல் இரண்டு வரை சின்னவள், இரண்டிலிருந்து எட்டு வரை பெரியவள். ஒரே கணக்கு, ஒரே ஹெட்போன். கம்பெனிக்காரர்களைப் பொறுத்தவரை இது ஓயாமல் உழைக்கும் ஒரே ஒரு பெண்மணி.

மாதத்தில் மூன்று கோப்பு தப்பாகவோ தாமதமாகவோ போனால் கணக்கை மூடிவிடுவார்கள். இந்த மாதம் இரண்டு போயாயிற்று. இரண்டுமே காலை நேரத்துக் கோப்புகள்.

"அவசரத்துல தட்டிட்டேன் அக்கா," என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தாள்.

"அவசரம்னா பரவால்ல," என்றாள் பெரியவள். "கண்ணு மங்கினா கண்ணாடி போட்டுக்கலாம். இந்த வேலைக்குக் காது போச்சுன்னா ஆளே போன மாதிரி."

சும்மா சொன்னதுதான். ஆனால் அது சின்னவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மருந்துப் பெயர் பார்க்கும் இந்தப் பக்கத்தைப் பெரியவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பாள். இரண்டு நாள் 'இதென்ன கண்றாவி' என்று தள்ளிவிட்டாள். மூன்றாவது நாளும் தள்ளுவாளா?

மணி ஒன்று. சின்னவள் 'விளம்பரம் வராமல் தடுக்க' என்று தேடினாள். வரிசையாகக் கேடயங்கள் வந்தன. சிவப்புக் கேடயம், நீலக் கேடயம், போக்குவரத்தை நிறுத்துவது போல விரித்த ஒரு கை. ஒவ்வொன்றும் தன்னைத்தான் நம்பச் சொன்னது. நின்று யோசிக்க நேரமில்லை. முதலில் இருந்ததை அழுத்தினாள். 'நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி தருகிறீர்களா?' என்று கேட்டது. தந்தாள்.

ஒரு காது இருந்த இடத்தில் இப்போது மூன்று. கீழே ஒரு பரிசுச் சக்கரம் வேறு சுற்றியது.

வலது காதில் கைபேசியை அழுத்திக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்.

"என்னங்க, கம்ப்யூட்டர்ல விளம்பரம் வராம இருக்க என்ன பண்ணணும்?"

"இதக் கேக்கவா கூப்பிட்டே? நான் எட்டாவது மாடிக்கும் ஒம்பதாவதுக்கும் நடுவுல நிக்கிறேன்."

"நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"என்ன விளம்பரம்?"

"செருப்பு."

"செருப்புதானே, வந்துட்டுப் போகுது."

"எனக்கு எரிச்சலா இருக்கு. ஒண்ணு போட்டேன், மூணு செருப்பா வருது."

"மொதல்ல வந்ததையே எடுத்தியா? அதும் பக்கத்துல பொடி எழுத்துல விளம்பரம்னு போட்டிருக்கா, பாரு."

பார்த்தாள். போட்டிருந்தது.

"விளம்பரத்த நிறுத்தறேன்னு விளம்பரம் குடுக்கறவனப் போய் நம்பினியே! வேலிக்கு ஓணான் சாட்சி. அத மொதல்ல தூக்கு. ரொம்ப வருஷமா, நெறைய பேர் வச்சிருக்கிறதா ஒண்ணு எடு. பாராட்டி எழுதினவனப் படிக்காதே, திட்டினவனப் படி."

"என்ன சொன்னீங்க?"

"திட்டினவனப் படின்னேன். கொஞ்ச நாளா எதையும் ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கு உனக்கு."

"சிக்னல் சரியில்லைங்க," என்று வைத்துவிட்டாள்.

போலியைப் பிடுங்கி எறிந்தாள். விரித்த கை படம் போட்டதைத் திறந்தாள். திட்டியவர்களைப் படித்தாள். 'எல்லாம் நன்றாக இருக்கிறது, என் பாங்க் பக்கம்தான் திறக்க மாட்டேன் என்கிறது' என்று ஒருவர். 'கொஞ்சம் அதிகமாகவே அடைக்கிறது' என்று இன்னொருவர். அதிகமாக அடைத்தால் நல்லதுதானே! அதையே போட்டாள். எதையெதை நிறுத்த வேண்டும் என்று எட்டுக் கட்டங்களை நீட்டியது. பாதிக் கதவைச் சாத்தி என்ன பிரயோசனம்? எட்டிலும் டிக் போட்டாள். கடைசி மூன்றைப் படிக்கக்கூட இல்லை.

மருந்துப் பக்கத்தைத் திறந்தாள். துடைத்த பலகை மாதிரி வெறும் வெள்ளை. காது இல்லை, சக்கரம் இல்லை.

மணி ஒன்றே முக்கால். இரண்டரைக்குள் போக வேண்டிய கோப்பு ஒன்று பாக்கி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திறந்தாள். வழக்கம்போலத் தானாகவே ஓட ஆரம்பித்தது. ஆறு விநாடி, ஏழு, எட்டு. கோடு நகர்ந்தது. டாக்டர் பேசவில்லை.

முதலிலிருந்து ஓட்டினாள். ஒன்றும் இல்லை. ஒலியை ஏற்றினாள். முழுதாக ஏற்றினாள். வேறு கோப்பு. அதிலும் கோடு ஓடியது, குரல் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். தெருவில் லாரி போவது கேட்டது. குழாயைத் திறந்தாள், தண்ணீர் விழுவது கேட்டது. கட்டுரையில் இதைத்தானே எழுதியிருந்தார்கள்? 'முதலில் பேச்சுக் குரல் போகும். வண்டிச் சத்தமும் கதவுச் சத்தமும் கடைசிவரை கேட்கும்.' கணவனை மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. மணி கேட்டது. மணி பேச்சாகுமா?

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவ்வளவுதான் போலிருக்கிறது. மிச்சமிருந்த காதும் போய்விட்டது.

மாடிப்படி அதிர்ந்தது.

"முடிச்சிட்டியா?"

அது காதில் விழுந்தது. ஆனால் பெரியவளின் குரல் பேச்சுக் கணக்கில் சேராது. அதற்குச் சுவரும் திரும்பிப் பார்க்கும்.

"இல்லக்கா. ஒண்ணு பாக்கி. நீங்க... நீங்களே போட்டுடுங்க, எனக்குத் தலைவலி."

"மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு? நவுரு." பெரியவள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். திறந்தாள். பார்த்தாள். தட்டினாள். "என்னடி இது, செத்துப் போச்சா? ஒரு சத்தத்தையும் காணோம்!"

"கேக்கலையா?"

"ஓடுது, பேச மாட்டேங்குது."

"அக்கா, நெசமா கேக்கலையா?"

"பொய்யா வேற கேக்காம இருப்பாங்களா?"

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அப்ப என் காது போகல! ஐயோ, என் காது போகலக்கா!"

பெரியவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "உன் காது எங்கடி போகணும்?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன பயன்? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்?

பெரியவள் திரையையே உற்றுப் பார்த்தாள். பக்கத்தின் தலைப்பில் ஒரு குட்டி ஒலிபெருக்கி, குறுக்கே கோடு. "யாரு வாயக் கட்டினது இத?" மேலே விரித்த கை இருந்தது. அழுத்தினாள். எட்டுக் கட்டம், எட்டு டிக். கடைசிக் கட்டத்தில்: 'தானாக ஓடும் ஒலியை அடக்கு.'

அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தாள். அடுத்த நொடி பிடுங்கி மேசைமேல் எறிந்தாள். டாக்டரின் குரல் நடை முழுக்க அலறியது.

"அம்மாடி! இந்தச் சத்தத்துலயா நீ தெனமும் கேக்கறே?"

"இல்லக்கா. இப்ப பயத்துல ஏத்தினேன். வழக்கமா இதுக்கு ரெண்டு கோடு கம்மி."

"ரெண்டே ரெண்டு கோடு!" பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப அந்தக் காது விளம்பரம் உனக்கு வந்ததா? நான் எனக்கு வயசாயிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்னு ரெண்டு நாளா அதத் திட்டிட்டிருக்கேன். எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா. இடது."

"ரெண்டு கோப்பு போனது இதாலதானா? என்கிட்ட வாயத் தெறந்து சொன்னா என்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, காது போச்சுன்னா ஆளே போன மாதிரின்னு."

பெரியவள் கோப்பை நிறுத்தி, ஒலியைக் கோடு கோடாக இறக்கினாள்.

"நான் வாய் போன போக்குல ஆயிரம் சொல்லுவேன்," என்றாள். "அத எல்லாம் முடிஞ்சு வச்சுக்குவியா?"

மணி இரண்டு பத்து.

"இது போச்சுன்னா மூணாவது," என்றாள் சின்னவள். "நீங்க ரெண்டு விரல்ல தட்டினா மூணு மணி ஆயிடும்."

"தெரியுதில்ல? அப்ப உக்காரு. நான் கேட்டுச் சொல்றேன், நீ தட்டு. ஜன்னலச் சாத்து மொதல்ல, ஊரான் வீட்டு நோய தெருவுக்கு வாசிக்க முடியாது."

சின்னவள் உட்கார்ந்தாள். பெரியவள் அவளுடைய வலது பக்கமாக முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வரிவரியாகக் கேட்டாள், வரிவரியாகச் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு இருபத்தெட்டுக்குக் கோப்பு போனது.

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. நான் உன் நேரத்தப் பாத்துக்கறேன். வெறும் அழுக்கு அடைச்சிருக்கும்."

"நரம்பா இருந்தா?"

"காட்டினாத்தான் தெரியும்."

"இல்லக்கா, நரம்பா இருந்தா?"

சின்னவளின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. பெரியவள் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். கை எடுத்ததும் மறுபடி ஆடியது.

"இருந்தா நான் கத்தறேன், நீ தட்டு. அடுத்ததத் தெற."