காலி நாற்காலியின் சம்மதம்

மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரு திட்டக் குழு. ஊருக்கு ஓர் உறுப்பினர். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றாலும் கதை முடிந்தது. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்தவர்கள் கூட்டத்துக்கே வராமல் டிமிக்கி கொடுத்தார்கள். பஸ் நிலையத்துக்குக் கூரை போடும் வேலை இழுத்துக்கொண்டே போனது. மூவரில் ஒருத்தியான தையல்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் மேசையைத் தட்டினாள்.

“வராதவங்க சரின்னு சொன்னதா எழுதிக்குங்க. அப்பதான் இவங்களுக்குப் புத்தி வரும்.”

அது விதியாயிற்று. கூரையும் வந்தது. கொஞ்ச நாள் அவள் தலைகால் புரியாமல்தான் திரிந்தாள்.

இப்போது கத்தி அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. மூன்று ஊர்க் குப்பையையும் பழைய கல்குவாரியில் கொட்டலாமா என்று இன்றைக்கு முடிவு. குவாரி அவள் ஊர் எல்லையில். அதன் விளிம்பில்தான் அக்கா வீடு. அத்தானுக்கு மூச்சிரைப்பு, பக்கத்துத் தெருவில் யாராவது சருகு கொளுத்தினாலே ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடப்பார். சரி என்றால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. வேண்டாம் என்றால் கடைத்தெருவே திரண்டு வரும். அங்கே குப்பை கடைவாசல் வரை வந்துவிட்டது. அவளை ஜெயிக்க வைத்தவர்களும் அவர்கள்தான், அவள் தையல் கடையும் அங்கேதான்.

ஆகவே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்ததாகச் சொல்லி அனுப்பினாள். குப்பை லாரிகள் மூன்றில் பெரிய ஊர் வழியாகத்தான் போகவேண்டும். அந்த ஊர் உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்பார், பழி அவரோடு போகட்டும் என்று கணக்குப் போட்டாள். என்ன கெட்டிக்காரத்தனம்!

சாயங்காலம் குழுச் செயலாளர் போனில் கூப்பிட்டார்.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“பரவால்ல சார். மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னாரு?”

“அவருக்கு வயித்து வலியாம். அந்த இன்னொரு ஊர் வாத்தியாருக்கு ஏதோ கல்யாணம். நானும் மூணு நாற்காலியும்தான். ஏகமனதா நிறைவேறிடுச்சு. அடுத்த வாரம் லாரி போகும்.”

“சார், அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா?”

“உங்க விதிதானேம்மா,” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

போனை வைத்த கையோடு வாசல் கதவு திறந்தது. அக்கா. ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் துணிப்பை. வந்த வேகத்தில் தங்கையைப் படுக்க வைத்து, துணியை நனைத்து நெற்றியில் போட்டாள்.

“காய்ச்சல்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? மூணாம் மனுஷங்க சொல்லித் தெரிஞ்சுக்கணுமா?” என்று கடிந்துகொண்டாள். பிறகு குரல் தணிந்தது. “நீ கூட்டத்துக்குப் போகலன்னதும் அத்தான் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கடைத்தெருக்காரங்க அவ்வளவு நெருக்கியும் எங்களுக்கு எதிரா கையத் தூக்காம இருந்தியே. அது போதும்டி.”

தையல்காரம்மாவுக்கு அந்தக் கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்றைக்கு மட்டும் தப்பிக்கலாம். லாரி வரும் அன்றைக்கு?

“அக்கா, நிறைவேறிடுச்சு. குப்பை உங்க வீட்டுப் பக்கம்தான் வருது. வராம இருந்தா சரின்னு சொன்ன மாதிரி. அந்த விதியக் கொண்டு வந்ததே நான்தான்.”

அக்கா ஈரத்துணியை எடுத்துவிட்டு, தங்கையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“அப்போ காய்ச்சலும் இல்லையாடி?”