தவளைகள் சுமந்த பானை

விடாத மழையில் பசறைப் பாதையில் மண் சரிந்ததால் சுபாஜினியால் லுணுகலையிலுள்ள வீட்டுக்குப் போக முடியவில்லை. ரயிலும் ஓடாததால் துவாரகாவால் யாழ்ப்பாணம் போக முடியவில்லை. ஆகவே நீண்ட விடுமுறை முழுவதும், பதுளையில் அவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த, ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று. இருவரும் பேசி மாதக்கணக்காகிவிட்டது. முன்பெல்லாம் சுபாஜினி அவளை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை.

சுபாஜினி காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தாள். மற்ற நேரமெல்லாம் லெப்டொப்தான். லூனாபோய் என்றொரு கையடக்க விளையாட்டுக் கருவி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய்வானில் வெளிவந்து, விற்காமல் செத்துப்போனது. அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கருவியைப் போலவே கணினியை நடிக்க வைக்கும் எமுலேட்டர் வழியாகத்தான் அதன் விளையாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, குறிப்பெழுதி, இணையத்தில் ஒரு குழுவுக்கு அனுப்பிவந்தாள். அந்தக் குழுவில் உலகம் முழுவதிலுமாகச் சேர்த்தே ஒரு பஸ்ஸை நிரப்ப ஆளில்லை.

ஒரு விளையாட்டு மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு தவளைகள் ஒரு கம்பின் இரு முனைகளையும் தோளில் வைத்து, நடுவில் தண்ணீர்ப் பானையைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையேற வேண்டும். இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்தால்தான் அது திறக்கும். எமுலேட்டரின் புதிய பதிப்பில் அதற்கு வழி வந்திருந்தது. ஒரே திரையில் இரண்டு ஜன்னல்கள், ஒரே கீபோர்டில் இரண்டு பேர். சுபாஜினி இரண்டு கையாலும் தானே ஆடிப் பார்த்தாள். பானை விழுந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் பகலில், சிக்னல் இல்லாத போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் துவாரகா மேசைப் பக்கம் வந்து நின்றாள். அவள் மாகாண அலுவலகத்தில் எழுதுவினைஞர். கோவைகளைப் பார்க்கிற அதே பார்வையால் திரையைப் பார்த்தாள்.

“ஒரு ஆள் வேணும்” என்றாள் சுபாஜினி, திரும்பாமலே.

“என்னட்டையோ கேக்கிறீர்?”

“வேற யாரு இருக்கா இங்க?”

துவாரகா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மழை ஒரு மனிதரை எவ்வளவு தூரத்துக்கும் இறக்கிவிடும்.

முழங்கை முழங்கையில் இடிக்க ஆடினார்கள். துவாரகாவின் விரல்கள் வேகமாக ஓடின. அது சுபாஜினிக்கு இன்னும் எரிச்சலாயிருந்தது. முதல் மலையைத் தாண்டினார்கள். தொங்குபாலத்தில் பானை கவிழ்ந்தது, திரும்பவும் கவிழ்ந்தது.

“பின்னால இழுக்காதீங்க.”

“நீர்தான் பாய்ஞ்சு ஓடுறீர். உமக்கு எல்லாத்திலயும் அவசரம். அந்தக் கலியாணத்துக்கும் இப்பிடித்தான் அவசரப்பட்டனீர்.”

சுபாஜினியின் விரல்கள் நின்றன. பண்டாரவளையிலிருந்து வந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது வீட்டிலிருந்தது துவாரகா மட்டும். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

“நீங்கதான முடிச்சு வச்சீங்க அத.”

“அவை கேட்டவை. நான் சொன்னன். உம்மட அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்திலதானே இருக்கிறார்? பொய் சொல்லச் சொல்லுறீரோ?”

“லயத்துல இருக்காருதான். அத நானே மொதல்லயே சொல்லிட்டேன், அவங்களுக்குத் தெரியும்.” சுபாஜினியின் குரல் உயரவில்லை. “அதுக்கு மேல ஒண்ணு சொன்னீங்க. ‘அவளுக்கு நான் கோப்பைகூடத் தனியாத்தான் வச்சிருக்கிறன்’னு. மாப்பிள்ளையோட அக்கா போன்ல சொல்லிட்டாங்க.”

துவாரகாவின் முகம் ஒரு கணம் வெளிறிப் பின் இறுகியது. அந்த வார்த்தை சுபாஜினியின் காதுவரை வந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“ஒரு கதைக்குச் சொன்னது.”

“கதையில்ல. வச்சிருந்தீங்க. ஒங்களுக்குச் சுத்தம் ஜாஸ்தின்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். நான் ஒரு முட்டாள்.”

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. துவாரகா எழுந்து போய்விடுவாள் என்று சுபாஜினி எதிர்பார்த்தாள். மன்னிப்பையும் கொஞ்சம் எதிர்பார்த்திருக்கலாம். அப்படி எதிர்பார்த்த தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. இரண்டும் நடக்கவில்லை.

“வெளையாடுங்க” என்றாள்.

திரும்பவும் பாலத்திலிருந்து தொடங்கினார்கள். எப்படியாவது இதை முடித்துவிட்டு எழுந்தால் போதும் என்ற வெறுப்பு இருவருக்கும் ஒரே அளவில் இருந்தது. அந்த வெறுப்புக்கு ஏற்றபடி தவளைகள் ஒத்து அடி வைத்தன. பாலம், வழுக்குப் பாறை, பாம்புகள் தொங்கும் குகை எல்லாம் தாண்டியும் ஒரு துளி சிந்தவில்லை. உச்சியில் தவளைகள் காய்ந்த மரமொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, அது பூத்தது. உடைந்த ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: நல்ல சிநேகிதர் வெற்றி.

துவாரகா சட்டென்று சிரித்துவிட்டாள். சுபாஜினியும் சிரிப்பாளென்று பக்கத்தில் பார்த்தாள். சுபாஜினி திரையைப் படமெடுத்துச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

“இதை முந்தி ஆரும் கண்டதில்லையோ?”

“பதிவு எதுவும் இல்ல.”

“அப்ப என்ர பேரையும் போடும். நானும்தானே விளையாடினனான்.”

“ரெண்டாவது ஆள்னு போடுவேன்.”

“அதென்ன, பேரில்லாத ஆளோ நான்?” துவாரகாவின் குரல் கீச்சிட்டது. “இவ்வளவு நேரம் இருந்து விளையாடினதுக்கு இதுதான் மரியாதையோ?”

“பேரு போட்டா ஒங்களோட சேந்து எம் பேரும் நிக்கும். எனக்கு அது வேணாம்.”

துவாரகா கதிரையைக் காலால் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இணைப்பு வந்ததும் சுபாஜினி படங்களையும் குறிப்புகளையும் அனுப்பினாள். குழுவே கொண்டாடியது. பிரேசில்காரர் ஒருவர், தானும் மனைவியும் தொங்குபாலத்திலேயே சண்டை பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதமே, உடன் வேலை செய்யும் ஜெனீராவின் வீட்டு மேல்மாடிக்கு மாறிப்போனாள்.

பிறகு ஒருநாள் பதுளை பஸ் நிலையத்தில் துவாரகாவைக் கண்டாள். நல்ல வெயில். துவாரகா குடையை விரித்து, தன் முகம் மறையும்படி சுபாஜினி நின்ற பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். லுணுகலை பஸ் வந்தது. சுபாஜினி ஏறி, துவாரகா தெரியாத மற்றப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.