எல்லைக்கோடு இல்லாத பனியன்

மாலி நாட்டிலிருந்து அமினாத்தா ஒரு பனியன் ஆர்டரோடு வீரபாண்டிக்கு வந்தபோது, அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பனியன் கம்பெனி முதலாளி பிரபாகர், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பிரியங்காவிடம் கொடுத்தார். முன்னால் யானை, பின்னால் ஒரு வரைபடம். சுலபமான வேலை என்றுதான் பிரியங்கா நினைத்தாள்.

வரைபடத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஒரே பச்சையாக இருந்தது, நடுவில் நாட்டு எல்லைக்கோடு ஒன்றுகூட இல்லை. கோடு விட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். விட்டுப்போகவில்லை, அப்படித்தான் வேண்டும் என்றாள் அமினாத்தா.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1946இல், அவளுடைய ஊரான பமாக்கோவில் ஒரு கட்சி பிறந்தது. ஆப்பிரிக்க ஜனநாயகப் பேரணி என்று பெயர். ஆட்சியாளர்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த பகுதிகளில் எல்லாம் அந்த ஒரே கட்சிக்குக் கிளைகள் இருந்தன. யானைதான் சின்னம். ரயில்வேயில் வேலை பார்த்த அவளுடைய அப்பா, இளைஞராக அதில் சேர்ந்தவர். கட்சி பிறந்த எண்பதாம் ஆண்டு விழாவுக்கு மாலி, கினி, ஐவரி கோஸ்ட் மூன்று நாட்டு விழாக் குழுக்களும் ஒரே பனியனைப் போடவேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று குழுவும் சம்மதித்தால்தான் ஆர்டர் உறுதியாகும்.

பிரிண்டிங் பிரிவில் முனீஸ் அடித்துக் கொடுத்த முதல் சாம்பிள் அழகாக வந்தது. படம் எடுத்து அனுப்பினார்கள். ஐவரி கோஸ்ட் குழு, தங்கள் நாட்டு எல்லையைத் தெளிவாகப் போடச் சொன்னது. கோடு போட்டு அனுப்பினார்கள். கினி குழு, 1958 என்ற ஆண்டையும் சேர்க்கச் சொன்னது. அந்த ஆண்டு பிரான்ஸ் நடத்திய வாக்கெடுப்பில் அவர்கள் நாடு மட்டும்தான் பிரான்ஸோடு இருக்கமாட்டோம் என்று சொன்னதாம். அந்த ஆண்டு இருந்தால் நாங்கள் போடமாட்டோம் என்றது, அன்று பிரான்ஸோடு இருக்கச் சம்மதித்த ஐவரி கோஸ்ட்.

ஒவ்வொரு முறையும் பழைய அச்சு ஸ்கிரீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுக்கவேண்டியிருந்தது. விருதுநகர்ப் பக்கத்துக்காரனான முனீஸ் பொறுமை இழந்தான்.

“இந்த யானைக்கு என்னதான் வேணுமாம் மேடம்? கேட்டுச் சொல்லுங்க, ஒரே தடவையில அடிச்சுருதேன்.”

கடைசியில் எல்லாரையும் வீடியோ அழைப்பில் சேர்த்தார்கள். பேச்சு பிரெஞ்சுக்குத் தாவியது. அமினாத்தாவின் குரல் ஏறி ஏறித் தணிவதைப் பிரியங்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்கமாட்டாமல், ஒரே கட்சியாக இருந்தவர்கள்தானே, ஒரு பனியனில் சேர்ந்து நிற்க முடியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரிலிருந்து பேசியவர், தைப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்று மரியாதையாகவே சொன்னார். அவளுக்கு முகம் எரிந்தது.

இனி நாட்டுக்கொரு பனியன் என்று முடிவானது. பிரபாகருக்கு அதில் சந்தோஷம்தான்.

“ஏன் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே? ஒண்ணு மூணாப் போச்சு. நமக்கென்ன நஷ்டம்?”

“நஷ்டமில்லீங்க சார். அந்தம்மா கேட்டது இதையில்லீங்களே.”

அவர் சொன்னதுபோலவும் நடக்கவில்லை. கினிக்காரர்கள் வேறு நாட்டில் அச்சடித்துக்கொள்வதாகச் சொல்லி விலகினார்கள். ஐவரி கோஸ்டிலிருந்து கம்பெனிக்குப் பதிலே வரவில்லை. அமினாத்தாவுக்கு மட்டும் அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் பனியனில் எங்கள் மண்ணைப் போடாதீர்கள், யானை எங்களுடையது என்று இருந்தது.

“எல்லாருக்கும் சொந்தமான யானைதான் அது” என்றாள் அமினாத்தா. அதற்குமேல் அவர்களோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பு இல்லை. வரைபடத்தை எடுத்துவிடச் சொன்னாள். யானையையும் எடுக்கச் சொன்னாள். பமாக்கோ, 1946 என்ற எழுத்து மட்டும் மிஞ்சியது.

வேண்டாமென்றால் ஆர்டரையே விட்டுவிடலாம் என்று பிரியங்கா சொல்லிப் பார்த்தாள்.

“வெறுங்கையோடு போனால், ‘நடக்காது என்று அப்போதே சொன்னோமே’ என்று ஊரில் சிரிப்பார்கள்” என்றாள் அமினாத்தா. “இதையே அடியுங்கள்.”

சாம்பிளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் காரில் ஏறினாள். அன்று மதியமே முனீஸ் வேலையை ஆரம்பித்தான். ஒரே நிற எழுத்து; தகராறில்லாமல் ஓடியது. பிரபாகர் எட்டிப்பார்த்து, முதல்லியே இப்படி முடிச்சிருக்கலாம் என்றார். பிரியங்காவுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. வெளியே வந்து, குழாயடியில் நின்று முகம் கழுவினாள்.