கடிக்காத நாய்க்கு ஒரு இடம்

கஸ்தூரிக்குக் கோபம் வந்தால் நாய்களைத் திட்ட மாட்டாள், மனிதர்களைத்தான் திட்டுவாள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், தறி ஓடாமல் நின்றுபோன ஒரு கொட்டகையில் அவள் தெருநாய்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். போர்டில் 'நாய்கள் காப்பகம்' என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது 'கஸ்தூரி சத்திரம்'தான். லாரியில் அடிபட்டது, சொறி பிடித்தது, கண் போனது என்று எது வந்தாலும் சேர்த்துக்கொள்வாள். தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு விசாரிக்கவில்லை என்பது அவள் புருஷன் ஜெகதீஸ்வரனின் புகார். அவர் நூல் கடைக்காரர். நாய்களுக்குப் போகிற சோற்றைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். திறந்தால் தன் சோறு நின்றுவிடும் என்கிற அறிவு அவருக்கு இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் பைபாஸ் ரோட்டில் கிடைத்த நாய்க்குப் பட்டாசு என்று பெயர் வைத்தாள். செவலை நிறம், ஒட்டிய வயிறு. கால் நாலு என்று சொல்கிறார்கள்; அது நின்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. கட்டிப்போட்டால் கயிற்றைத் தின்றது. அவிழ்த்துவிட்டால் சுவரைத் தாண்டியது. உள்ளே வருகிற மனிதன் யாராக இருந்தாலும் பாய்ந்து தோளில் காலைப் போட்டு முகத்தை நக்கி, பத்து வருஷம் காணாமல் போன சொந்தக்காரனைக் கண்டதுபோல ஊளையிட்டது. கடிக்க மட்டும் அதற்குத் தெரியவில்லை. பல் இருக்கிறது, சங்கதி தெரியவில்லை.

அதுதான் வினை. இந்தப் பக்கத்தில் நாய் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி, "கடிக்குமா?" பயந்துபோய்க் கேட்பதில்லை, ஆசையாகக் கேட்பார்கள். கடிக்கும் என்றால் முகம் மலரும். கடிக்காது என்றால், "அப்பறம் எதுக்கு அதுக்குத் தண்டச் சோறு?" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நல்ல நல்ல வீடெல்லாம் இப்படிக் கைநழுவிப் போனதில் கஸ்தூரி திருந்திவிட்டாள். யார் கேட்டாலும், "நல்லாக் கடிக்கும்" என்பாள். குலதெய்வமே நேரில் வந்து கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தப் பதிலை நம்பி முதலில் கூட்டிப் போனவர் இரும்புக்கடை அருஞ்சுனை. ஒரே வாரத்தில் கடையில் திருடன் புகுந்தான். பட்டாசு அவனை வாலாட்டி வரவேற்று, சாமான்களை அள்ளும்வரை கூடவே இருந்து, பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியது. "கேமராவுல பாத்தேன்க்கா. திருடன் இதத் தடவிக் குடுத்துட்டுல்ல போறான்!" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு விட்டுப்போனார். அடுத்து மல்லாங்கிணறு தங்கம்மாள், காயப்போட்ட மிளகாய் வத்தலுக்குக் காவலாகக் கூட்டிப் போனாள். பட்டாசு வத்தல் மேலேயே குறுக்கும் நெடுக்கும் ஓடியதில் தெருவே தும்மியது. மூன்றாவதாகக் காரியாபட்டி அசோக். மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிற பையன், தனிவீடு. "சாயந்தரம் வந்து பாத்தா சோபாவக் காணோம்க்கா, பஞ்சு மில்லுதான் இருந்துச்சு" என்று கொண்டுவந்து இறக்கினான்.

கஸ்தூரி மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். நாய் வளர்க்க யோக்கியதை இல்லாதவர்கள் என்றாள். பட்டாசு அவள் முகத்தை நக்கி அதை வழிமொழிந்தது.

கொட்டகை அவளுடையதாக இருந்தால் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. அது அவள் அண்ணன் நவநீதகிருஷ்ணனுடையது. பக்கத்து மனையில் அவர் நாட்டுக்கோழி வளர்த்தார். பட்டாசு தினமும் சுவர் தாண்டிப் போய்க் கோழிகளைச் சுற்றிச் சுற்றி விரட்டியது. ஒன்றையும் தொடவில்லை. ஆனால் ஓடிக் களைத்த கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தச் சனியன் போகணும்" என்றார் அண்ணன். "இல்லேன்னா கொட்டாயப் பூட்டிருவேன். உன் மத்த நாயெல்லாம் ரோட்டுக்குத்தான் வரும்."

"ஏண்ணே, ஒரு கோழியத் தின்னுச்சா?"

"தின்னாக்கூட ஒன்னு போச்சுன்னு விட்டுருவேன். இது அத்தனையையும் பைத்தியமாக்கிருச்சு."

அவர் சொன்னால் செய்வார். ஒரு நாய்க்காக மற்ற நாய்களைத் தெருவில் விட முடியாது. பட்டாசை பைபாஸில் விட்டால் அது ஓடுகிற ஒவ்வொரு லாரியோடும் பந்தயம் வைக்கும், ஒருநாள் தோற்கும். இதை நினைத்துக்கொண்டு கஸ்தூரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாட்ஸப்பில் பட்டாசின் படத்தைப் போட்டு, 'துடிப்பான காவல் நாய், இலவசம்' என்று எழுதினாள். படத்தில் நாய் இல்லை, ஒரு செவலைக் கோடுதான் இருந்தது. அதற்குமேல் அதை நிறுத்திப் படம் எடுக்க அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, மடித்துக் கட்டிய கைலி.

"வீரசோழன் அப்துல் வாஹித். அங்கிட்டு நமக்குக் கொஞ்சம் கடலைக் காடு இருக்கு. நாய் குடுக்கீகன்னு குரூப்புல பாத்தேன்."

கஸ்தூரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு பாய் நாய் கேட்டு வருவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வீட்டுக்குள்ள விடமாட்டோம் தங்கச்சி, அது உள்ளதுதான். காட்டுக் காவலுக்கு, ஆட்டுக் காவலுக்கு வச்சுக்கிறலாம். எங்க பள்ளிவாசல் ஹஜரத்துகிட்டயும் கேட்டுட்டேன்." பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார். "கடிக்குமா?"

"நல்லாக் கடிக்கும் பாய்! போன வாரங்கூட ஒருத்தன் தொடையில..."

"அப்ப வேணாம்மா." அவர் மொபெட்டைத் திருப்பினார்.

வாழ்க்கையிலே முதல் தடவையாக ஒருத்தர் கடிக்கிற நாயை வேண்டாம் என்கிறார். கஸ்தூரி ஓடிப்போய் வண்டியின் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பாய்?"

"மயிலு தங்கச்சி, மயிலு! ஒரு செடி விடாம கொத்தித் தள்ளுது. தேசியப் பறவைங்காக. தேசமா அதுக்குத் தீனி போடுது? என் கடலைதான போடுது! போன வருசம் பக்கத்துக் காட்டுக்காரரு நாயி ஒரு மயிலக் கடிச்சுக் கொன்னுபோட்டுச்சு. பாரஸ்ட்டுக்காரக வந்து அவரக் கூட்டிட்டுப் போயி, மனுசன் அலையா அலைஞ்சாரு. எனக்கு வெரட்டுற நாய் வேணும். கடிக்கிற நாய் வேணாம்."

"இது கடிக்காது பாய்!"

"இப்பத்தான நல்லாக் கடிக்கும்னீக?"

"பொய் சொன்னேன். இந்த ஊர்ல கடிக்காத நாய எவன் வாங்குறான்? முருகன் சத்தியமா இதுக்குக் கடிக்கவே தெரியாது பாய்."

"மயிலு விசயத்துல முருகன் சத்தியத்த நான் எப்படித்தா நம்புறது?"

கஸ்தூரி உள்ளே போய்ப் பட்டாசை இழுத்து வந்தாள். அவர் கண் முன்னாலேயே அதன் வாயைப் பிளந்து தன் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். பட்டாசு, வாயில் கையோடு, வாலை ஆட்டியது. அவள் இன்னொரு கையால் அதன் காதை முறுக்கினாள், வாலைப் பிடித்து இழுத்தாள், "கடிடா, கடிச்சுத் தொலைடா" என்று கத்தினாள். அது அவள் விரல்களை ஆசையாகச் சப்பியது. அவளுக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஜீவனை அயோக்கியன் என்று சொல்லிச் சொல்லித்தானே தள்ளிவிடப் பார்த்தோம் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வாஹித் தாடியைத் தடவினார். "மனுசன் மேல சரி, மயிலு மேல எப்படியோ! நாளைக்குக் காலையில காட்டுக்குக் கொண்டாங்க. ஒரு மயிலத் தொட்டாலும் நீங்களே திருப்பிக் கூட்டிட்டுப் போயிரணும்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எழுந்திருக்கும் முன்னே லோடு ஆட்டோவில் பட்டாசை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுகக் கருவேலங்காடு, நடுநடுவே கரிசல், எப்போதாவது ஒரு பஸ். பட்டாசு ஆட்டோவின் ஓரத்தில் முன்காலை வைத்து நின்று, எதிரே வந்த அத்தனை பேருக்கும் வணக்கம் வைத்தபடி வந்தது. கஸ்தூரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரியம் நடக்க வேண்டும் என்று ஒரு பக்கமும், நடந்தால் இனி இது இல்லை என்று இன்னொரு பக்கமும் மனசு அடித்துக்கொண்டது.

கடலைக் காட்டில் மயில்கள் பந்திக்கு வந்தவர்கள்போல வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன. பட்டாசு இறங்கியதும் முதலில் மோட்டார் ரூமுக்குக் காலைத் தூக்கி மரியாதை செய்தது. பிறகு வரப்பில் புரண்டது. ஒரு ஆண்மயில் தோகையை விரித்தது. பட்டாசு வாலை ஆட்டிக்கொண்டே தலையைச் சாய்த்து அதை ரசித்தது.

"நாடகம் பாக்க வந்துருக்கா?" என்றார் வாஹித்.

கஸ்தூரிக்குக் காது சூடாகிவிட்டது. "டேய், மானத்த வாங்காதடா" என்று பல்லைக் கடித்தாள். அந்த நேரத்தில் ஒரு பெட்டை மயில் ஓட ஆரம்பித்தது. ஓடுகிற எதையும் பட்டாசு சும்மா விட்டதில்லை.

அதற்குப் பிறகு காட்டில் நடந்ததைக் கண்ணால் தொடர முடியவில்லை. மயில்கள் அலறிக்கொண்டு நாலா பக்கமும் எழுந்தன. தோகைக்காரனால் மட்டும் சட்டென்று எழ முடியவில்லை. தோகையை இழுத்துக்கொண்டு ஓடினான். பட்டாசு அவனை எட்டியது, தாண்டியது, திரும்பி எதிரே வழிமறித்தது. மயிலும் நாயும் ஒரு முழ தூரத்தில் நேருக்கு நேர் நின்றன. வாஹித், "யா அல்லாஹ்" என்றார். கஸ்தூரி, "முருகா" என்றாள். பட்டாசு முன்காலை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வருகிறாயா என்று கேட்டது. மயில் அதன் தலைக்கு மேலாகப் பறந்து புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு இறகுகூடக் கீழே விழவில்லை.

கஸ்தூரி மூச்சுவிட்டாள். விட்ட மூச்சை இழுப்பதற்குள் பட்டாசு வெற்றிக் களிப்பில் வரப்போடு பறந்து வந்து, வாஹித்தின் தோளில் காலைப் போட்டு, தாடி, கன்னம், கண், தொப்பி என்று பாக்கி வைக்காமல் நக்கிவிட்டது.

அவர் அப்படியே நின்றார். பிறகு மோட்டார் ரூம் தொட்டிக்குப் போய், ஒரு பிடி மண்ணை எடுத்து முகத்தில் தேய்த்துக் கழுவினார். அவர்கள் மார்க்கத்தில் நாய் நக்கினால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. கஸ்தூரிக்கும் அது தெரியும். இந்த இடமும் போச்சு. ஐந்தாவது தடவை அவர் குனிந்தபோது, தன்னோடு விளையாடுகிறார் என்று நினைத்த பட்டாசு தொட்டிக்குள் குதித்து மறுபடியும் முகத்தை நக்கியது.

"மொதல்லருந்து" என்றார் வாஹித்.

"மன்னிச்சுக்கங்க பாய். நான் இதக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"எங்க?"

அந்த ஒரு கேள்வியில் கஸ்தூரி உடைந்துபோனாள். "எங்கயும் இல்ல பாய். இன்னைக்குள்ள இது போகலேன்னா எங்கண்ணன் எல்லா நாயையும் வெளிய தள்ளிருவாக. இத ரோட்டுலதான் விடணும். மூணு பேரு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாக. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

வாஹித் ஈரத் தாடியோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பட்டாசு அவர் காலடியில் தண்ணீரை உதறியது.

"சவுதியில இருபத்தோரு வருசம் இருந்தேன் தங்கச்சி. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவேன். வந்து எறங்குனா எல்லாருக்கும் சந்தோசந்தான், இல்லைங்கல. ஆனா மொதல்ல பொட்டியப் பாப்பாக, அப்பறந்தான் என்னையப் பாப்பாக. எம் மக ஒருதடவ எம் மூஞ்சியப் பாத்துட்டு அவுக அம்மாவுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டா. இப்பக் கட்டிக் குடுத்தாச்சு. இன்னைக்கும் என்கிட்ட எட்டி நின்னுதான் பேசும்." அவர் நாயைப் பார்த்தார். "கையில ஒன்னுமில்லாம நிக்கிற என்னையப் பாத்து ஒரு உசுரு இப்படி ஓடி வந்தது, இன்னைக்குத்தான்."

ஆனாலும் கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நெதமும் இப்படித்தான் நக்கும் பாய். உங்க வீட்ல அக்கா ஏசமாட்டாகளா?"

"நெதம் ஏழு தடவ மூஞ்சி கழுவுற புருசன எவ ஏசுவா? காட்டுல மண்ணுக்குப் பஞ்சமா? தண்ணி மட்டுந்தான் கொஞ்சம் யோசிக்கணும்."

ஆட்டோ கிளம்பியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கஸ்தூரி திரும்பினாள். வாஹித் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டாசு அவர் முன்னால் உட்கார்ந்து, எண்ணி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தது! அவளிடம் இருந்தவரை அது ஒருநாளும் அப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை. ஆட்டோச் சத்தம் கேட்டுக்கூட அது தலையைத் திருப்பவில்லை.

"நன்றிகெட்ட நாயி" என்று சொல்லிவிட்டு, டிரைவர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கஸ்தூரி வாய்விட்டு அழுதாள்.