துக்கம் கேட்க வந்தவர்கள்

மூன்று நிமிஷம், மூன்றே நிமிஷம் என்று வெர்னர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தட்டில் இட்லி தொடாமல் காய்ந்து கிடந்தது. இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஜெர்மனி, ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டையும் அடித்துச் சமன் செய்து, அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், மூன்றே நிமிஷத்தில், மூன்றாவதை வாங்கிக்கொண்டு, உலகக் கோப்பையை அர்ஜென்டினாவிடம் விட்டுவிட்டது. அது நடந்தது மெக்சிகோவில். நான் நின்றது தருமபுரிக்கு வெளியே, வத்தல்மலை போகிற வழியில் இருக்கும் எங்கள் மிஷன் காம்பவுண்டு வராந்தாவில், ஒரு கையில் விண்ணப்பத்தாளும் இன்னொரு கையில் மை பேடுமாக. 1986 ஜூன் முப்பது, திங்கட்கிழமை காலை. மேஜையைச் சுற்றியிருந்த மூன்று வெள்ளைக்காரர்களும் ராத்திரி தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை, ஆனால் அதற்குக் காரணம் பந்து இல்லை.

புளியங்காட்டுக் கிணறுதான் காரணம். மலைமேல் இருக்கிற அந்த ஊர்க்காரர்கள் கையாலேயே இருபத்திரண்டு அடி தோண்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பாறை. வெடி வைத்தால்தான் உடையும். வெடி மருந்துக்கும் ஆளுக்கும் ஜெர்மனியிலிருந்து உதவி வர வேண்டும், அதற்கு வெர்னர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தண்ணீர்த் திட்ட இன்ஜினியர். பதினொரு மணிக்கு ஜீப்பில் பெங்களூர் போய் அங்கிருந்து ஜெர்மனிக்குப் பறந்துவிடுவார். அப்புறம் ஒரு வருஷம் கழித்துத்தான் வேறு யாராவது வருவார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஊர்க்காரர்கள் நேரில் வந்து, தங்கள் வாயால் கேட்டு, அவர் கண் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். இடையில் இருக்கிறவர்கள் ஏமாற்றிவிடக் கூடாதாம். இடையில் இருக்கிறவள் நான்தான். தண்ணீர் இல்லாதவனை மூன்று மணி நேரம் மலை இறங்க வைத்து, தண்ணீர் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்பதை மக்கள் பங்கேற்பு என்று அந்தத் தாளில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். டைப் அடித்தது நான்.

சிஸ்டர் கோட்லீவ் பெல்ஜியம்காரி, எங்கள் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அரையிறுதியில் பெல்ஜியத்தைத் தோற்கடித்ததும் இதே அர்ஜென்டினாதான் என்பதால் அவர் நேற்று அர்ஜென்டினாவுக்காக ஜெபித்தாராம். சாம்பியனிடம் தோற்றோம் என்றால் அது ஒரு தோல்வியே இல்லை, நாங்கள் இப்போது கௌரவமானவர்கள் என்று சொல்லிக் காப்பியை ஆற்றினார். பெல்ஜியம் பாதி நாடு, அதற்குப் பாதிக் கௌரவம் போதும் என்றார் வெர்னர். தச்சுப் பட்டறை நடத்தும் பிரதர் டெக்லன் அயர்லாந்துக்காரர். அவர் நாடு போட்டிக்கே தகுதி பெறவில்லை. அதனால் தோற்க முடியாத ஒரே அணி எங்களுடையதுதான் என்றார். இங்கிலாந்து வெளியேறிய அன்றைக்கே தனக்கு உலகக் கோப்பை கிடைத்துவிட்டது, மிச்சமெல்லாம் வெறும் ஆட்டம் என்றும் சொன்னார். ஜீப் டிரைவர் மாதப்பண்ணன் ஒரு மாதமாக ராத்திரி ராத்திரி அவர்களோடு உட்கார்ந்து டிவி பார்த்தவர். நேற்று எல்லாம் முடிந்து பெட்டியை அணைத்த பிறகு, "நம்ம நாடு எப்பங்க பிரதர் ஆடும்?" என்று கேட்டாராம். இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். இதைச் சொல்லி பிரதர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெர்னருக்கும் வரவில்லை. அவர் கண் சிவந்து, முகம் மழிக்காமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். பிரதர் சிரிப்பை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

சரியாக அந்த நேரத்தில்தான் புளியங்காட்டுக்காரர்கள் மூன்று பேர் கேட்டுக்குள் வந்தார்கள். காளியன் முன்னால், பின்னால் அவர் தம்பி சின்னக்கண்ணு, தலையில் சாமை மூட்டையோடு ராமக்கா. வராந்தாப் படிக்கு இருபதடி இருக்கும்போதே காளியன் நின்றார். வெர்னரைப் பார்த்தார். தோளில் இருந்த சிஸ்டரின் கையைப் பார்த்தார், தொடாத தட்டைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ராமக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. இங்கிலீஷைப் புரிந்துகொள்ள நான் மூன்று வருஷம் காலேஜில் அழுதிருக்கிறேன். ஆனால் கண் முன்னால் நடந்தது புரிய எனக்கு நேரமாயிற்று.

வெர்னர் அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்: "உங்களுக்கு என்ன வேணும்?"

காளியன் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு கையை அசைத்தார். "ஒண்ணும் வேண்டாங்க சாமி. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

வெர்னர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. அது அவருக்கே புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதற்குக் கையசைப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ராமக்கா சாமை மூட்டையை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். எழுந்தார்கள். வருகிறோம் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

வெர்னர் தோளைக் குலுக்கினார். கிணறு வேண்டும் என்று சொன்னது மக்களா, இல்லை நீயா என்று என்னைக் கேட்டார். அதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பத்து நிமிஷம் பொறுங்கள் சார் என்று சொல்லிவிட்டு, தாளும் மை பேடும் கையிலிருக்க ஓடினேன்.

ரோட்டோரம் பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தார்கள். மலையடிவாரம் வரைக்கும் பஸ், அதற்கு மேல் நடை. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சாகவில்லை, பந்து விளையாட்டு, அவங்க நாடு தோற்றுப்போச்சு, அந்த வருத்தம், அவ்வளவுதான் என்றேன். காளியன் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை பொய் சொல்லும்போது பெரியவர்கள் கேட்கிற பொறுமை அது.

"வெளையாட்டுல தோத்ததுக்கா அத்தாம் பெரிய ஆளு சோறு திங்காம குந்தியிருக்காரு?" என்றார் சின்னக்கண்ணு.

"ஆமாங்கண்ணா. நெசமாத்தான் சொல்றங்க."

ராமக்கா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கும் நீ இப்பிடித்தான் பாப்பா சொன்ன. ஒண்ணுமில்லீங்கன்னு."

இரண்டு வருஷத்துக்கு முந்தி, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். ராமக்காவின் மகள் குள்ளம்மாளைப் பிரசவத்துக்குத் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையும் அவளும் தங்கவில்லை. ஊரில் இருந்த ராமக்காவை அழைத்துவர என்னை மலைக்கு அனுப்பினார்கள். சரிவில் வைத்துச் சொல்லிவிடாதே, விழுந்துவிடுவாள் என்றார்கள். மூன்று மணி நேரம் அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டே, லேசாகக் காய்ச்சல்தான், ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மகளுக்கென்று கேழ்வரகுக் களியைத் துணியில் கட்டி எடுத்து வந்தாள். சூடு ஆறக் கூடாதென்று வழியெல்லாம் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள். படித்த பெண் சொல்கிறாளே என்று நம்பினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேசினாள்.

காளியன்தான் சமாதானமாகப் பேசினார். உன்மேல் தப்பில்லை, துக்கச் சேதியை மறைத்துச் சொல்வதுதான் முறை, ஆனால் துக்க வீட்டில் போய் எனக்கு அது கொடு இது கொடு என்று கேட்கிற ஜென்மம் நாங்கள் இல்லை என்றார். பதினாறு கழியட்டும், அப்புறம் வந்து கேட்கிறோம் என்றார். பதினாறு கழிந்தால் அவர் இங்கே இருக்க மாட்டார் என்று சொன்னேன். அதற்கென்ன செய்வது, அது நம் விதி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டால்தான் கொடுப்பேன் என்கிறவர்கள்மேலா, கேட்க மாட்டேன் என்கிறவர்கள்மேலா? பந்துக்காகச் சாப்பிடாமல் இருக்க முடிகிறவர் ஒருத்தர். சித்திரை வைகாசியில் ஊற்றுத் தண்ணீருக்காக விடிகாலையிலிருந்து குடத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பார்த்த இடத்தில் துக்கம் என்றால் வாயை மூடிக்கொள்கிறவர்கள் மூன்று பேர். நடுவில் பி.ஏ. முடித்த நான். உண்மையைச் சொன்னேன், விலைபோகவில்லை. பஸ் வளைவில் திரும்பியது.

"அவங்கம்மா" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அவங்கம்மா செத்துட்டாங்க. நேத்து ராத்திரிதான் சேதி வந்துச்சுங்க. அம்மா பேர்ல ஒரு கெணறு வெட்டிக் குடுக்கணும்னு சொல்றாரு. நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு அழுவுறாரு."

பஸ் நின்று, காத்திருந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. காளியன் துண்டால் கண்ணைத் துடைத்தார். மைல்கல்மேல் தாளை விரித்து வைத்தேன். காளியன், சின்னக்கண்ணு, ராமக்கா, மூன்று கட்டைவிரல். சார் முன்னால் வைக்க வேண்டிய கைநாட்டு ரோட்டிலேயே முடிந்துவிட்டது. எங்கப்பா மரியசூசையும் இப்படித்தான் கூலிப் பேரேட்டில் விரலை உருட்டி வைப்பார். அதைப் பார்த்துத்தான் நான் படித்தேன். தாளை ஊதி மையைக் காயவைத்தேன்.

"பாப்பா, வா" என்றாள் ராமக்கா.

"எங்கீங்க?"

"தாயி செத்தவன் முன்னால போயி குந்திட்டு, ஒரு வார்த்த கேக்காம வந்துட்டமே. அவங்க பேர்ல தண்ணி குடிக்கப் போறோம். துக்கம் கேக்காம மலையேறுனா அந்தத் தண்ணி எறங்குமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் களைத்திருக்கிறார், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. ஆண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மலைக்காரி நடை, ஓடித்தான் பிடிக்க முடியும்.

வெர்னர் பெட்டியோடு ஜீப்பருகில் நின்றிருந்தார். பிரதரும் சிஸ்டரும் இன்னும் அதே மூன்று நிமிஷத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனி பின்னால் நின்றிருக்க வேண்டும், முன்னால் ஏறியதுதான் தப்பு என்று சிஸ்டர் கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். நான் தாளை நீட்டி, ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டார்கள் சார், கைநாட்டும் வைத்துவிட்டார்கள், இதோ அவர்களே திரும்பி வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் மூன்று விரல் அடையாளத்தையும் பார்த்தார். அந்த மூன்று பேரையும் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதற்குள் ராமக்கா போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பேனா மண்ணில் விழுந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். முதலில் சாதாரணமாக, பிறகு ராகம் போட்டு. பெற்றவள் போய்விட்டாளே, கடல் தாண்டிப் போய் முகம் பார்க்க முடியவில்லையே என்று ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் பெற்றவள் மாறிப்போனாள். களி ஆறிப்போச்சே என் கண்ணு, கட்டிக்கொண்டு வந்தது ஆறிப்போச்சே என்று பாடினாள். ராமக்கா மகளுக்காக அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவள் சத்தமே போடவில்லை.

பிரதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். சிஸ்டருக்கு இருபது வருஷத் தமிழ் தெரியும். அவர் என்னையே பார்த்தார்.

வெர்னர் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னை மெல்லக் கேட்டார்.

"நீங்க தோத்துட்டீங்கல்ல சார்" என்றேன் இங்கிலீஷில். "அதுக்கு அழறாங்க."

அவர் முகம் கோணியது. சிவந்திருந்த கண்ணில் தண்ணீர் திரண்டது. மாதப்பண்ணன் ஜீப்பைக் கிளப்பினார். நான் குனிந்து பேனாவை எடுத்து, மண்ணைத் துடைத்துவிட்டு, தாளோடு சேர்த்து நீட்டினேன். அவர் இரண்டு கைகளும் ராமக்காவின் கைக்குள்தான் இருந்தன. அவள் கட்டைவிரல் மை அவர் மணிக்கட்டில் நீலமாக அப்பிக்கொண்டிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.