ஏமஸ் டொனலி இடம்விட்டு விலகிய சனிக்கிழமை

1919இல் விஷக்காய்ச்சலில் செத்துப்போன ஏமஸ் டொனலி, 2023 ஒக்ரோபரில் டோர்செட் பார்க் ஐஸ் அரங்கில் கோல் வலைக்கு முன்னால் வந்து நின்றார். ஹெல்மெட் போடாமல் நிற்கக்கூடாது என்று மட்டும் பெண்பிள்ளைகள் அணியின் பயிற்சியாளர் மரியோ சொன்னார். டொனலி கேட்கவில்லை. அவர் காலத்தில் ஹெல்மெட்டே கிடையாது. ஹொக்கி விளையாடச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய புதிதில் ஒஷாவாவிலிருந்து வந்து பின்காவல் நின்றவர் அவர். அப்போது பக்கை, அந்தக் கறுப்பு றப்பர் வில்லையை, முன்னால் நிற்பவருக்குத் தள்ளிக் கொடுப்பது குற்றம். இப்போதும் பிள்ளைகள் அப்படிக் கொடுத்தால் கையைத் தூக்கி ஆட்சேபிப்பார், யாரும் கணக்கெடுப்பதில்லை. நின்ற இடத்தைவிட்டு அசையாதவர் என்று அந்தக் காலத்தில் பெயரெடுத்தவர். ஆனால் ஊர் கோல் அடித்தவர்களை நினைவில் வைத்துக்கொண்டு தடுத்தவரை மறந்துவிட்டது. ஊர் எப்போதும் அப்படித்தான்.

அவர் காத்த வலைக்குள் கோலியாக நின்றவள் நிலாணி. எல்லோரிடமும் அடிவாங்கிய அவளுடைய அணி அந்தக் குளிர்காலம் தோற்பதை நிறுத்தியது. செத்தவர்களைப் பற்றி விதிகளில் ஒன்றுமில்லை என்று நடுவர்களும் விட்டுவிட்டார்கள். நிலாணியின் தாய் ஜெயமலர், பிறம்ரனில் ஒரு பொருள்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள், இதையெல்லாம் பார்த்து உருகிப்போனாள். காவல் நிற்பவர் என்றால் அவளுக்கு வைரவர்தான். வைரவருக்கு வடைமாலை போடாமல் எப்படி? உழுந்து ஊறவைத்து, சுட்டு, கோத்து, ஒரு வெள்ளிக்கிழமை டொனலியின் கழுத்தில் போட்டாள். உயிரோடு இருந்தபோது மாலை காணாத மனிதர், பாவம். மாலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றபடியே தடுத்தார். அதுவரை ஒன்றிரண்டு பக் அவரைத் தாண்டிப் போகும். அதன்பிறகு ஈகூடப் போகவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் பார்த்து மாகாண அணிக்கு ஆளெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்று நிலாணி காருக்குள் அழுதாள்.

"எல்லாத்தையும் அவரே பிடிச்சா நான் என்னத்துக்கு அங்க நிக்கிறன்? ஒருத்தரும் என்னைப் பாக்கப் போறேல்ல அம்மா."

ஜெயமலருக்குச் சுருக்கென்றது. காவலைப் பலப்படுத்தியவளே அவள்தானே.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் தடுப்புக் கண்ணாடி ஓரம் போய் நின்றாள். எப்படிக் கூப்பிடுவது? முகத்தைப் பார்த்தால் தம்பி, பிறந்த வருடத்தைப் பார்த்தால் பூட்டன். கடைசியில், "அண்ணை, கோவிக்காதேங்கோ. பிள்ளை இண்டைக்குத் தனிய நிண்டு பாக்கட்டும்" என்றாள்.

ஆட்டம் தொடங்கியதும் டொனலி இடத்தைவிட்டு நகர்ந்தார். எதிரணிப் பெண் ஒருத்தியின் காலை, கொக்கத்தடியால் முருங்கைக்காய் இழுப்பதுபோல் மெதுவாக மட்டையால் இழுத்து விழுத்தினார். கைகொடுத்து அவளைத் தூக்கியும் விட்டார். நடுவர் விசில் ஊதினார். யாரும் சொல்லாமலே, தண்டனை வாங்கியவர்களை இருத்திவைக்கிற பெனால்டி பொக்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் அடி நிலாணியைத் தாண்டி வலைக்குள் போனது. டொனலி பாதி எழுந்தார், பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்ததை நிலாணி கையுறையில் பிடித்தாள். அதற்கடுத்ததை முழங்காலில் வாங்கினாள். பிறகு வந்தவற்றில் ஒன்றையும் அவள் விடவில்லை.

தண்டனை நேரம் முடிந்து கதவைத் திறந்துவிட்டார்கள். டொனலி வெளியே வரவில்லை.

நிலாணியை மாகாண அணிக்கு எடுத்தார்கள். டொனலி இன்னும் பொக்ஸுக்குள்தான் இருக்கிறார். தண்டனை வாங்கி வருகிற பிள்ளைகள், "கொஞ்சம் தள்ளுங்கோ அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவரும் தள்ளி இடம் கொடுக்கிறார்.